அரை நொடி நின்ற பெயர்

தியேட்டரில் டைட்டில் ஓடும்போது யாரும் படம் பார்ப்பதில்லை. கதவு திறந்து மூடும். டார்ச் அடித்து சீட் நம்பர் தேடுவார்கள். கப்பலண்டிக் கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்கும். "தலையைத் தாத்தும் ஓய், மறைக்குது" என்று பின்னால் ஒருவர் சொல்வார். இந்தக் கூத்துக்கு நடுவில் அறுபது எழுபது பெயர்களை வாசிக்க வைக்க வேண்டும். பதின்மூன்று வருடம் அதுதான் என் வேலை.

மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களில் ஷைனி என்ற பெண் போன மாதம் போனில் கூப்பிட்டாள். "அங்கிள், எழுத்து அசையதுல எது நல்லது, எது கொள்ளாதுன்னு ஒரு பத்து பாயிண்ட் சொல்லுங்களேன். செவத்துல எழுதி ஒட்டி வைக்கோம்" என்றாள். இப்போதெல்லாம் ஆயிரம் விதமான அசைவுகள் கம்ப்யூட்டரிலேயே தயாராகக் கிடைக்கின்றன. ஒரு சொடுக்கில் எழுத்து எரியும், உருகும், உடையும். அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் சங்கடம்.

பத்துப் பாயிண்ட் என்னிடம் கிடையாது. சில பழக்கங்கள் உண்டு, ஒரு தப்பு உண்டு. இரண்டையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன். சுவரில் ஒட்டுவதற்கு இது நீளமாகிவிடும். பரவாயில்லை, படித்துவிட்டுத் தூரப் போடட்டும்.

2004-இல் சார்ஜாவிலிருந்து திரும்பியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அங்கே பன்னிரண்டு வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடினார்கள், வந்துவிட்டேன். என் மனைவி மேரி மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்கு வேலை இருந்தது, அதனால் அவள் வரவில்லை. மகளும் நர்சிங் படித்து முடித்து அம்மாவிடமே போய்விட்டாள். மூன்று பேரும் சேர்ந்து இருப்பதற்கென்று குழித்துறையில் கட்டிய வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நான்கு அறைகள், ஒரு ஆள். கதவுகளைத் திறந்து வைத்தால் வீடு பெரிதாகத் தெரிகிறது என்று மூன்று அறைகளைப் பூட்டியே வைத்திருந்தேன்.

ஸ்டுடியோவின் முதலாளி பினு சாருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை சார் என்பேன். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை. திருவனந்தபுரத்தில் எடிட்டிங் அறைகளில் வளர்ந்தவர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடுக்கப்படுகிற சின்னப் படங்கள், பக்திப் படங்கள் எல்லாவற்றுக்கும் டைட்டில் வேலை அவரிடம் வரும். மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் வெக்கை.

ஆறு மாதத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் பழகிவிட்டேன். எழுத்தின் உருவம் எனக்குப் பழக்கம்தான், அது நகரும் என்பதுதான் புதிது. முதல் பக்திப் படத்தில் 'தேவன்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பறந்து வரச் செய்தேன். கம்ப்யூட்டர் இரட்டைக் கொம்பைத் தனியாகவும் 'த'வைத் தனியாகவும் பறக்கவிட்டது. துணையெழுத்துகள் தறிகெட்டு அலைந்து, கடைசியில் எல்லாம் கூடி தேவன் ஆனார். பினு சார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கர்த்தருக்குக் கொம்பு முளைச்சிற்றே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் அதன் கொம்போடும் காலோடும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் அசைக்கத் தொடங்குவேன்.

பினு சாரின் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது திரையில் ஒரு தடவை வந்து போகிற பெயருக்கும், மூன்று பாகம் என்பார்: வரவு, நிப்பு, போக்கு. எழுத்து வருவது வரவு. அசையாமல் நிற்பது நிப்பு. கலைவது போக்கு. வரவையும் போக்கையும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள், நிப்பில் கை வைக்காதே. நிப்பு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? பெயரை வாய்விட்டு மூன்று தடவை சொல்ல வேண்டும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி. ஸ்டாப் வாட்ச்சை அமுக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து "ஒ... ளி... ப்ப... தி... வு" என்று மாறி மாறிச் சொல்வதைக் கேட்டுக் கீழே ஹார்டுவேர் கடைக்காரர் சிரிப்பார்.

நேரம் முடிவானதும் எதிர்க்கடை தையல்காரர் ராஜையனைக் கூப்பிடுவோம். அவருக்குக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுவோம், அவர் வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் பினு சார் மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அவர் பார்ப்பது ராஜையனின் கண்களை. கண் எங்கே தாவுகிறது, எங்கே தேடுகிறது, எப்போது உதடு அசைகிறது. எழுத்து சரியாக இருக்கிறதா என்பதை அவர் எழுத்தைப் பார்த்து முடிவு செய்ததே இல்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. கார்டு செய்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும், அவன் கண்ணுக்கு எந்த நேரமும் போதும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை ஷைனிக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் அசைவதை நோக்கித்தான் ஓடும். ஆகவே பெயர் நின்றபிறகு பின்னால் புகையும் நெருப்பும் ஆடிக்கொண்டிருந்தால் கண் புகையைத்தான் பார்க்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையலாம். படம் எந்த மாதிரி நடக்கப்போகிறதோ அந்த மாதிரிதான் எழுத்தும் நடக்க வேண்டும். சாவு வீட்டுக் கதைக்கு எழுத்து குதித்து வந்தால் ஜனம் சிரிப்புப் படம் என்று தயாராகிவிடும். தமிழ்ப் பெயர்கள் நீளம், அதனால் அவசரம் ஆகாது. இதெல்லாம் சரிதான். ஆனால் இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஸ்டுடியோவில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். ஜெயன் என்ற புது இயக்குநர், கடற்கரையில் நடக்கிற கதை ஒன்றைப் படமாக எடுத்திருந்தார். படப்பிடிப்பின்போது கேமராவை ஏற்றிக்கொண்டு போன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. வள்ளக்காரர் சூசை மிக்கேல், இருபத்தாறு வயது. கேமரா உதவியாளர்கள் இரண்டு பேரையும் தள்ளித் தள்ளிப் பாறைமேல் ஏற்றிவிட்டார். மூன்றாவதாக அவர் ஏறவில்லை. படத்தின் முதல் கார்டாக அவர் பெயரைப் போடுவதாக ஜெயன் அவருடைய அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கார்டைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். போய்ப் படுக்க வேண்டிய வீட்டைவிட அந்தக் கார்டு எனக்குத் துணையாக இருந்தது. இருட்டுத் திரை. வெள்ளி நூல்கள் நாலா பக்கமிருந்தும் மெல்ல வரும். ஒன்றோடொன்று முடிச்சு விழும். முடிச்சுகள் சேர்ந்து எழுத்தாகும், 'சூசை மிக்கேல்' என்று பெயர் முழுமையாகும். உடனே செண்டையில் ஓர் அடி. அந்த அடியில் முடிச்செல்லாம் அவிழ்ந்து, மொத்தப் பெயரும் வீசுவலையாக விரிந்து பார்ப்பவர் முகத்தை நோக்கிப் பறந்து வரும். வரவு மூன்று நொடி, போக்கு ஒன்றரை நொடி. நிப்பு வெறும் அரை நொடி.

பினு சார் கேட்டார். "அண்ணே, நிப்பு எத்தறை?"

"அரை செகண்ட். ஆனா வரும்போதே வாசிச்சுக்கிடலாம் சார்."

"போதாது. ரெண்டு செகண்டு கூட்டுங்க."

"கூட்டினா செண்டை அடி தப்பிப்போகும். மியூசிக்கை முறிக்கணும்."

ராஜையனைக் கூப்பிட்டோம். அவர் ஒரே பார்வையில் வாசித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம். அப்போது எனக்கு உறைக்கவில்லை, ஐந்து வருடம் எங்கள் கார்டுகளை வாசித்து வாசித்து அந்த மனிதர் எங்களைவிடக் கைதேர்ந்தவர் ஆகியிருந்தார் என்று. பாதி முடிச்சு விழும்போதே அவருக்குப் பெயர் தெரிந்துவிட்டது. ஜெயன் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "இதுல ஒரு ஃப்ரேமைத் தொடப்படாது" என்றார். பினு சார் கொஞ்ச நேரம் ராஜையனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க கார்டு. உங்க இஷ்டம் அண்ணே" என்று எழுந்து போனார்.

படம் வெளியான அன்று நாகர்கோவிலில் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். ஜெயனும் மற்றவர்களும் திருவனந்தபுரத்துத் தியேட்டரில் இருந்தார்கள். இங்கே ஒரு நாற்பது ஐம்பது பேர். விளக்கு அணைந்தது. நூல்கள் வந்தன, முடிச்சு விழுந்தது, செண்டை அடித்தது, வலை பறந்தது. முன்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். பிறகு தியேட்டர் முழுவதும் கைதட்டல். டைட்டில் கார்டுக்குக் கைதட்டல்! பக்கத்து சீட்டில் சொல்வதற்கு யாருமில்லை. இருட்டிலேயே மேரிக்கு மெசேஜ் அனுப்பினேன்: 'எல்லாரும் கைதட்டினார்கள்.' அவள் டியூட்டியில் இருந்திருப்பாள், பதில் வரவில்லை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படம் முடிந்தாலும் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம். அன்றும் அப்படித்தான். எல்லோரும் போய்விட்டார்கள். திரை வெள்ளையானது, விளக்கு போட்டார்கள். பார்த்தால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். காலடியில் மீன் விற்கிற அலுமினியச் சருவம் காலியாக இருந்தது. துடைப்பத்தோடு வந்தவர் அவரை எழுப்பப் போக, அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாரே, படம் முடிஞ்சிற்றா?"

"முடிஞ்சிற்று அக்கா."

"இல்லியே, எனக்க பிள்ளைக்க பேரு இன்னும் வரல்லியே. மொதப் பேராட்டுப் போடுவோம்னு டைரக்டரு வீட்ல வந்து சொல்லிற்றுப் போனாரு. ஒருவேள கடைசீல போடுவாவளோன்னு இருக்கேன்."

யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன். "அக்காவுக்கு எழுத்து தெரியுமா?"

"எழுத்து எங்க தெரியும்? அவன் பேரு மட்டும் கண்டாத் தெரியும். வள்ளத்துல நீலப் பெயிண்டுல எழுதிப் போட்டிருந்தான். இப்போ குருசடிக்குப் பொறத்த கல்லறைல எழுதிக் கெடக்கு. எங்க கண்டாலும் தெரியும்."

"வந்துது அக்கா. மொதல்லயே வந்துது. வலை மாதிரி..."

"அது வலைல்லா? ஆரோ வலை வீசினாவ, நானும் பாத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "கண்ணி கொறச்சு வலுது. அதுல சாளை மாதிரி பொடி மீனு நிக்காது."

நூல் முடிச்சுகளை மூன்று வாரம் ஒவ்வொன்றாகப் போட்டவன் நான். அவர் கண்ணுக்கு அது வலையாக வந்தது, வலையாகவே போயிற்று. நடுவில் அரை நொடி அவருடைய மகன் வந்து நின்றான். அதைப் பார்க்க இந்த உலகத்தில் யாருக்கு உரிமை உண்டோ, அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. காலையில் மீனை விற்று முடித்து, இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தார். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பெயரும் வரும்போது இதுவா இதுவா என்று பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறார்.

அந்தக் கார்டைச் செய்தது நான்தான் என்று சொல்லவில்லை. சருவத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய், கடற்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிலோமி என்று பெயர் சொன்னார், ஊரும் சொன்னார். "அடுத்த ஆட்டத்துல வந்தா காணலாமா சாரே?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். நான் எதையோ சொன்னேன், பஸ் எடுத்துவிட்டது. எனக்கு என்மேலேயே அவ்வளவு வெறுப்பு வந்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஜெயனிடம் அந்த வள்ளத்தின் போட்டோ வாங்கினேன். நீல எழுத்து. அழகான எழுத்து இல்லை. 'சூ' பெரிதாகத் தொடங்கி, போகப் போகப் பலகையில் இடம் போதாமல் கடைசி 'ல்' ஓரத்தில் ஒடுங்கி நின்றது. அந்தக் கோணலை அப்படியே எடுத்தேன். இருட்டு, பிறகு பெயர், பிறகு இருட்டு. வரவு இல்லை, போக்கு இல்லை, இசை இல்லை. நிப்பு எட்டு நொடி. பினு சார் அன்று ராஜையனைக் கூப்பிடவில்லை. நாற்காலியைத் திருப்பி மானிட்டரைப் பார்த்து உட்கார்ந்தார். எட்டு நொடியும் முடிந்தபிறகு, "ஃபைலை அனுப்பிருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

தியேட்டர்கள் எல்லாம் அப்போது டிஜிட்டலுக்கு மாறியிருந்தன. கார்டை மாற்றுவது பெரிய காரியமில்லை என்று நம்பியிருந்தேன். தயாரிப்பாளருக்குப் போன் செய்தால், "எந்தத் தியேட்டருக்கு அனுப்பப் போறீரு? நேத்தே எல்லா இடத்துலயும் படத்தைத் தூக்கியாச்சுல்லா" என்றார். ஆறு நாள் ஓடியிருக்கிறது.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பிலோமியின் ஊருக்குப் போனேன். அவர் வீட்டில் டிவி இல்லை, பக்கத்து வீட்டில் போட்டோம். நீல எழுத்து திரையில் வந்ததும் அவர் எழுந்துவிட்டார். "இன்னா நிக்கான்" என்று கை நீட்டிக் காட்டினார். பக்கத்து வீட்டு மனுஷியின் கையைப் பிடித்து, "கண்டியா, கண்டியாட்டி?" என்றார். எட்டு நொடி முடிந்தது. இன்னொரு தடவை போட்டேன்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இது அந்தக் கொட்டகைல வருமா தம்பி?"

"இல்ல அக்கா. படத்தைத் தூக்கியாச்சு."

அவர் டிவி பக்கம் போனார். முந்தானையால் டிவி கண்ணாடியைத் துடைத்தார், அதில் ஒரு அழுக்கும் இல்லை. "எனக்குக் காட்டதுக்கு டிவி எதுக்கு? நான் நெதம் கல்லறைல காணுகேன். நாலு சனம் காணணும்னு உள்ள ஆசைதான்" என்றார். கார்டைச் செய்தது நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன். நிற்க விடாமல் பறக்கவிட்டது நான்தான் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அவருக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது.

"அப்போ தம்பி, அண்ணைக்கு அந்த வலை பறக்கும்போ சனமெல்லாம் கையடிச்சாவல்லா? அது ஆருக்கு?"

பதின்மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. படங்களில் எங்கள் ஸ்டுடியோவின் பெயர் வரும், என் பெயர் எதிலும் வந்ததில்லை.

"உங்க பிள்ளைக்குத்தான் அக்கா" என்றேன். "பேரை வாசிச்சிட்டுத்தான் கையடிச்சாவ."

"அத்தன பேருமா?"

"அத்தன பேரும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எனக்குச் சாயா போடப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மேரி கூப்பிட்டாள். சாப்பாடு, மகளின் டியூட்டி, கரண்ட் பில் எல்லாம் முடிந்தபிறகு, "கேட்டியளா, ஒங்க கார்டுக்கு கையடிச்ச கதைய இஞ்ச வார்டு முழுக்கச் சொல்லியாச்சு" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்க எனக்கு எவ்வளவோ ஆசை.

"அதைத் திருத்திச் சொல்லு மேரி. அது எனக்குள்ளது இல்ல."

"பின்ன ஆருக்கு?"

பெயரைச் சொன்னேன். லைன் இரைந்தது. "ஆரு? கேக்கல்ல, கொறச்சு மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன்.